பந்திப்பாட்டு

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வெள்ளிக்கிழமை என் மைத்துனர் சின்னண்ணனை உட்காரவைத்து, கடையில் யாரும் சீந்தாத ஒரு கிராமபோன் பிளேட்டைப் போட்டுக் காட்டினேன். பாட்டு பாதி ஓடும்போது, "ஏனுங்க மச்சான், கடலக்கா என்ன வெலைங்க போவுது?" என்றார். தங்கமான மனிதர். ஆனால் அன்று முழுக்க அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

நமக்குப் பிடித்த பாட்டை இன்னொருவர் காதில் போட்டுவிட்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது ஒரு வியாதி. இது எனக்கு மட்டும்தானா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது வெள்ளியங்கிரி வந்து சேர்ந்தார். கதைக்குள் வந்தார் என்று சொல்கிறேன். அப்படி ஒருவர் சேந்தமங்கலத்தில் இருந்தாரா என்று தேடிப் போகாதீர்கள்.

2

தொடக்கம், முதல் முயற்சி: கொல்லிமலை அடிவாரத்தில் மாலை வெயில் மெல்ல இறங்க, மேகங்கள்...

வேண்டாம். மலையை வர்ணிக்க ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

இரண்டாம் முயற்சி: வெள்ளியங்கிரி கல்யாண வீடுகளுக்குக் கிராமபோன் பெட்டி கொண்டுபோய்ப் பாட்டு வைக்கிறவர். யுத்த காலம். அவரிடம் ஒரு பிளேட்டு இருந்தது. அதன் முன்பக்கம், மாமியாரும் மருமகளும் சண்டை போடும் தமாஷ் பாட்டு. அதைக் கேட்காத கல்யாணமே அந்தப் பக்கத்தில் இல்லை. பின்பக்கத்தில் பெயர் தெரியாத ஒரு பெண், ஏற்றம் இறைக்கிறவனை வம்புக்கு இழுத்துப் பாடுவாள். ஒருதரம் கேட்டால் கால் சும்மா இருக்காது. ஆனால் அந்த ஒருதரம் கேட்கத்தான் ஆள் கிடையாது.

[பாட்டின் முதல் அடியை இங்கே எழுதி, அடித்துவிட்டேன். மெட்டில்லாமல் வெறும் வார்த்தையைக் காட்டினால் நீங்களும் கடலைக்காய் விலை கேட்பீர்கள்.]

வெள்ளியங்கிரி சொல்லிப் பார்த்தார். "மாமா, இந்தப் பக்கத்த ஒருக்காக் கேளுங்க, நல்லாருக்குமுங்க."

"அட அந்தச் சண்டையப் போடப்பா" என்பார்கள்.

போடுவார். வேறு என்ன செய்வார்? ஆனால் இலை போட்டு எல்லோரும் பந்திக்கு ஓடியதும் பந்தல் காலியாகிவிடும் அல்லவா, அப்போது பிளேட்டைத் திருப்பி வைப்பார். ஆள் இல்லாத பாய்களுக்கு அந்தப் பெண் பாடுவாள். ஒவ்வொரு கல்யாணத்திலும் இப்படித்தான். சோறு போடும் நேரம் வெள்ளியங்கிரியின் நேரம்.

3

இனி நடப்பது எனக்கே வருத்தம்.

வைத்து வைத்து முன்பக்கம் தேய்ந்துபோனது. மாமியாரும் மருமகளும் பேசுவது போய், கரகரவென்று இரைச்சல்தான் வந்தது. சேலத்துக் கடைக்காரர், யுத்தத்தில் அரக்கு கிடைப்பதில்லை, பழைய பிளேட்டை உருக்குவதற்குக் கொடுத்தால்தான் புதியது தருவேன் என்றார். வெள்ளியங்கிரி கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு ஒருதரமே ஓடிய பின்பக்கம் இன்னும் தேயவில்லை. எத்தனை வருஷம் போட்டும் ஒருத்தர்கூட 'இது யார் பாடியது' என்று கேட்கவில்லையே என்று நினைத்தார். கொடுத்துவிட்டார்.

(அவரைத் திட்டாதீர்கள். தனக்குப் பிடித்ததைத் தான் ஒருவனே எவ்வளவு காலம்தான் பிடித்துக்கொண்டிருப்பது?)

4

அடுத்த வாரம் பாவாயி அவரைத் தேடி வந்தாள்.

பாவாயி* கூலிக்காரி. பெரிய வீட்டுக் கல்யாணங்களில் பந்தலுக்கு வெளியே நின்றிருந்து எச்சில் இலை எடுக்கிறவள்.

"சாமி, ஆவணியில எம் மவ அத்தாயிக்குக் கலியாணமுங்க. பந்திப்பாட்டுக்கு நீங்க வரோணுமுங்க."

"பந்திப்பாட்டா? அதென்னம்மிணி?"

"அதாங்க, எலை போட்டதும் வெப்பீங்கல்ல. ஏத்தக்காரனைக் கேலி பண்ணிப் பாடுவாளே அந்தப் பொம்பள. அது வெக்காம எந்தக் கலியாணத்துலீங்க சோறு போட்டிருக்காங்க?"

வெள்ளியங்கிரிக்குப் புரிய நேரமாயிற்று. அவள் போன கல்யாணங்களிலெல்லாம் சோறும் அந்தப் பாட்டும் சேர்ந்தே வந்திருக்கின்றன. தாலிக்கு மேளம் போல, பந்திக்கு அந்தப் பாட்டு என்று நினைத்துவிட்டாள். அது சாஸ்திரம்.

"மாப்ள ஊட்டுக்காரங்க ஆத்தூர்ப் பக்கமுங்க. எங்கூர்ல பாட்டு எடுத்தாத்தான் எலையில கை வெப்போம்னு சொல்லிப்போட்டேன். பெரிய ஊட்டுப் புள்ளைகளுக்கு நடக்கறது எம் புள்ளைக்கும் நடக்கோணுமுங்க. நக நட்டு நம்மால ஆவாது. இது ஆவுமில்லீங்க?" போகத் திரும்பியவள், "எனக்கும் அந்தப் பாட்டுன்னா உசுருங்க" என்றாள்.

எத்தனையோ வருஷமாக அவர் காத்திருந்த வார்த்தை. "வாரேன் போ" என்றார். பிளேட்டு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கும் வந்திருக்காது.

* பாவாயியைப் பந்தலுக்கு வெளியே நிறுத்தியது நான் இல்லை. அந்த வீட்டுக்காரர்கள். பாட்டை வெளியே நிறுத்த மட்டும் அவர்களால் ஆகவில்லை.

5

சேலத்துக் கடைக்கு ஓடினார். கொடுத்த பிளேட்டு உருக்கப் போய்விட்டது. ஈரோட்டில் கேட்டார், திருச்செங்கோட்டில் கேட்டார். "அதெல்லாம் இப்ப வர்றதில்லீங்க" என்றார்கள்.

இந்த இடத்தில் அவரைக் கல்யாணத்துக்குப் போகாமல் வீட்டிலேயே படுக்கவைத்து எழுதினேன். காய்ச்சல் என்று ஒரு வரி, வெளியூர் போயிருப்பதாகச் சொல்லி அனுப்பினார் என்று ஒரு வரி. இரண்டிலும் எழுந்து உட்கார்ந்துகொண்டார். 'வாரேன்னு சொன்னனே' என்கிறார். சரி, போகட்டும்.

தென்னங்கீற்றுப் பந்தல். அரிசிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் எங்கெங்கோ கேட்டு வாங்கிய அரிசி. களியும் கம்பும் உண்ணும் வீட்டில் அன்று வெள்ளைச் சோறு. இலை போட்டாயிற்று, பரிமாறியாயிற்று. ஆத்தூர்க்காரர்கள் கையைக் கழுவிவிட்டு மரியாதையாகக் காத்திருக்கிறார்கள்.

"பாட்டு வெப்பாங்கன்னு சொன்னீங்களே, வெக்கலையா?" என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்கிறார்.

"இதா வெக்கறாருங்க" என்கிறாள் பாவாயி. இன்றைக்குத்தான் அவள் பந்தலுக்கு உள்ளே நின்று அந்தப் பாட்டைக் கேட்கப்போகிறாள். காதுவரை சிரிப்பு. வெள்ளியங்கிரியைப் பார்க்கிறாள்.

6

முடிவு, ஒன்று: வேறு ஏதோ பிளேட்டை வைக்கிறார். ஆத்தூர்க்காரர்களுக்கு வித்தியாசம் தெரியாது, சந்தோஷமாகச் சாப்பிடுகிறார்கள். பாவாயிக்குத் தெரியும். வந்தவர்களுக்காகச் சிரித்துக்கொண்டே நிற்கிறாள். இதை எழுதிவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை.

முடிவு, இரண்டு: அவரே பாடுகிறார். முதல் அடியில் குரல் உடைகிறது, இரண்டாம் அடியில் கூட்டம் சொக்கி... பொய். நன்றாகப் பாடத் தெரிந்தவர் பெட்டி தூக்கிக்கொண்டு ஏன் அலைகிறார்?

முடிவு, மூன்று: பாவாயியோடு இலை எடுக்கும் பெண்கள் எல்லோருக்கும் பாட்டு மனப்பாடம். அவர்கள் சேர்ந்து பாடுகிறார்கள். மிக அழகாக வந்தது. அதனால்தான் எனக்குச் சந்தேகம்.

உருகிப்போன பிளேட்டை என்னால் திரும்ப எழுத முடியாது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்களிடம் ஒரு பாட்டு இருக்கும். நல்ல பாட்டு. யாரும் கேட்காததால் நீங்களும் கேட்பதை விட்டுவிட்ட பாட்டு. வெள்ளியங்கிரி சாவி கொடுத்துவிட்டார், பெட்டி சும்மா சுற்றுகிறது. அதை வந்து வையுங்கள்.

பாவாயியை ஏமாற்றலாம் என்று நினைக்காதீர்கள். அது அந்தப் பாட்டு இல்லை என்று எடுத்ததுமே கண்டுபிடித்துவிடுவாள். முகம் வாடத்தான் செய்யும். ஆனாலும் கடைசிவரை கேட்பாள். அந்தக் கூட்டத்தில் பாட்டு கேட்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

சீக்கிரம் வாருங்கள். சோறு ஆறுகிறது.