ஐந்தாவது டாக்டர்

“இந்த டாக்டரும் தேறமாட்டா,” என்று மாமியார் ஆஸ்பத்திரி ஃபைலைச் சாப்பாட்டு மேசையில் தொப்பென்று போட்டாள். மகன் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மருமகள், யார் வீட்டுப் பேச்சோ என்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

குழந்தைக்காக ஆறு வருஷத்தில் நாலு டாக்டர் பார்த்தாகிவிட்டது. நாலு பேரும் அவளுக்கு ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், ஊசி போட்டார்கள். கடைசியில் சொல்லிவைத்தாற்போல ஒன்றையே சொன்னார்கள்: “உங்களுக்கு ஒரு குறையும் இல்லம்மா. அடுத்த தடவை வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க.” அந்த அடுத்த தடவை மட்டும் வந்ததே இல்லை. அதற்குள் டாக்டரை மாற்றிவிடுவார்கள். குறை இல்லை என்றால் நல்ல சேதிதானே? அந்த வீட்டில் இல்லை. குறையைக் கண்டுபிடிக்கத் துப்பில்லாத டாக்டர் என்று அர்த்தம்.

“நோய் என்னன்னே தெரியலையாம், பேருக்குப் பின்னால மட்டும் மூணு பட்டம்!” என்றாள் மாமியார். “ஒரு கைராசிக்காரியை விசாரிச்சு வச்சிருக்கேன். ஆம்பளைங்களைக் கூப்பிட்டு அசிங்கப்படுத்துற பழக்கமே கிடையாதாம். நேரா ஆபரேஷன் பண்ணிப் பாத்துடுவாளாம். திங்கக்கிழமை போறோம்.”

“போன வருஷந்தானே அத்தை, வயித்துல ஓட்டை போட்டுப் பாத்தாங்க?”

“அவ சரியாப் பாக்கலை.”

மருமகள் கணவனைப் பார்த்தாள். அவன் எலக்ட்ரீஷியன். லைனை ஒரு பக்கம் மட்டும் சோதித்துவிட்டுப் பழுது இன்னதென்று சொல்கிறவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பான். வீட்டில் மட்டும் வாய்க்குப் பூட்டு.

“நீங்க என்ன சொல்றீங்க?”

“அம்மா விசாரிச்சுத்தானே சொல்றாங்க, போயிட்டு வா. எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கேன்.”

“நானும் நல்லாத்தான் இருக்கேன். நாலு டாக்டர் எழுதியே கொடுத்திருக்காங்க.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமெல்லாம் எப்போதோ வற்றிவிட்டது. இப்போது ஊசி குத்தினால்கூட வலிப்பதில்லை. மறுபடி மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைத்தால் எழுந்திருப்போமோ மாட்டோமோ என்ற பயம்கூட அவளுக்கு இல்லை. இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதுதான் அவளைத் திடுக்கிடவைத்தது.

கையைத் துடைத்துக்கொண்டு ஃபைலைப் புரட்டினாள். நாலு பேரில் இரண்டாவது டாக்டர் மட்டும்தான் கணவனுக்கான பரிசோதனைச் சீட்டைக் கையோடு எழுதிக் கொடுத்திருந்தாள். அந்தச் சீட்டு மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தது. அதிலிருந்த எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, போனை மேசைமேல் வைத்தாள்.

“திங்கக்கிழமை டாக்டரைப் பாக்கணும்.”

“யாருக்கும்மா?”

அவள் கணவனின் பெயரையும் வயதையும் சொன்னாள். “அவருக்குத்தான் டெஸ்ட். ஆறு வருஷமா அந்த ஒண்ணுதான் எடுக்கலை.”

“அடிப்பாவி, மானத்தை வாங்குறியே! வைடி போனை!” மாமியார் எழுந்தேவிட்டாள். மகன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

“காலையில பத்து மணிக்கு வரச் சொல்லுங்க,” என்றது போன், எதுவும் காதில் விழாததுபோல. “கூட நீங்க வருவீங்களாம்மா?”

“அவர் வந்தா நானும் வருவேன்,” என்றாள் மருமகள். “அவர் வரலைன்னா, இனிமே எந்தக் கைராசிக்காரிகிட்டயும் நான் போய்ப் படுக்கமாட்டேன்.”