மோட்டார்கள் நின்ற நேரம்

கண்டக்டர் முனிராஜ் கடைக்குள் தலையை நீட்டியபோதே சலாவுதீனுக்குத் தெரிந்துவிட்டது. டிக்கெட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தர்மபுரி பஸ் ஸ்டாண்டிலிருந்து இவ்வளவு தூரம் அவர் நடந்து வருவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான்.

"சூசைபுரத்துப் பெட்டிங்க பாய். நேத்து மவுத்தாயிடுச்சாம்."

சொல்லிவிட்டு முனிராஜ் நாக்கைக் கடித்துக்கொண்டார். சலாவுதீனின் மனைவி வஹிதா இறந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை.

"வாய் பழகிடுச்சுங்க. நின்னுபோச்சுன்னுதான் யாகப்பன் சொன்னாப்ல. பொகை வந்துச்சாம்."

"பரவால்லீங்க. மாமாகிட்டச் சொல்லிட்டீங்களா?"

முனிராஜ் டிக்கெட் பையைத் திறந்து மூடினார். "காரிமங்கலத்துல வண்டி நிக்கற எடமே அவரு மண்டி வாசலு. எந்த டப்பாவாச்சும் செத்துச்சான்னு அவரே தெனமும் கேக்கறாரு. பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"வேணாங்க."

மாதம் முடிய இரண்டு நாள்தான் பாக்கி இருந்தது.

ஊருக்கு ஊர் மைக் செட் உண்டு. கிட்டாருக்கென்று வால்வு ஆம்ப்ளிஃபயர் செய்பவன் அந்த ஜில்லாவில் சலாவுதீன் ஒருவன்தான். சேலத்தில் பௌதிகம் படித்துவிட்டு, வாத்தியார் வேலைக்குப் போகாமல் இதில் உட்கார்ந்தான். மரப்பெட்டி, ஒரு ஸ்பீக்கர், நாலைந்து வால்வு. முன்பக்கத்துத் துணியை வஹிதா தைப்பாள். மொத்தம் ஆறு பெட்டி விற்றிருந்தான். தர்மபுரியிலும் அரூரிலும் கிருஷ்ணகிரியிலும் மெல்லிசைக் கச்சேரி செய்கிறவர்கள் வாங்கினார்கள். விற்கும்போது எல்லோரிடமும் ஒரே சொல்தான் சொன்னான். பெட்டி எங்கே நின்றாலும் பஸ்ஸில் சொல்லி அனுப்புங்கள், அடுத்த பஸ்ஸில் வருவேன்.

அந்தச் சொல்லைத்தான் மாமனார் கவுஸ் பாஷா பிடித்துக்கொண்டார். வஹிதா போனதும் கைக்குழந்தை சுல்தானாவைக் காரிமங்கலத்துக்குத் தூக்கிப் போனவர் திருப்பித் தரவில்லை. கேட்கப் போனபோது புளி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து சொன்னார்.

"நீ பஸ் பஸ்ஸா ஏறி எறங்கறவன். பொம்பள இல்லாத வூடு. புள்ளைய ஆரு பாப்பாங்க? ஒரு மாசம், உன் டப்பா ஒண்ணுகூட சாவாம இருக்கட்டும். நானே புள்ளையத் தூக்கியாந்து உன் கடையில உக்கார வெச்சிட்டுப் போறேன். முடியாதுன்னா கடையச் சாத்திட்டு இங்க மண்டிக்கு வா."

அதில் நியாயம் இருப்பதாகத்தான் சலாவுதீனுக்கும் பட்டது. ஒப்புக்கொண்டான். மாதங்கள் போயின. ஐந்து பெட்டிகள் ஒரு குறையும் இல்லாமல் ஓடின. சூசைபுரத்து யாகப்பனின் பெட்டி மட்டும் மாதக் கடைசி வருவதற்குள் எப்படியாவது நின்றது. கடைக்குக் கொண்டுவந்து வால்வு மாற்றி வைத்தால் நாள் முழுக்கப் பாடும். பற்றவைத்த இடங்களையெல்லாம் பிரித்து மறுபடி பற்றவைத்தான். டிரான்ஸ்ஃபார்மரை மாற்றினான். மேசையில் அதற்கு ஒரு நோயும் இல்லை. ஊருக்குப் போனால் செத்தது. வேறு பெட்டி கொடுத்துவிடலாமென்றால், வேறு பெட்டி இல்லை. வஹிதாவுக்குப் பிறகு அவன் புதிதாக ஒன்றும் செய்யவில்லை.

மாற்று வால்வும் கையில் இல்லை. வீட்டுக்குப் போய் ரேடியோவின் பின்பக்கத்தைக் கழற்றி, அதிலிருந்ததை உருவித் துணியில் சுற்றிக்கொண்டான். ரேடியோ கேட்பவள் இல்லை. மீட்டரையும் பற்றவைக்கும் கோலையும் ஒரு கண்டென்சரையும் பையில் போட்டுக்கொண்டு அதே பஸ்ஸில் ஏறினான்.

காரிமங்கலத்தில் பஸ் நின்றது. மண்டி வாசலில் கவுஸ் பாஷா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் சுல்தானா. சலாவுதீன் இறங்கிப் போய் கையை நீட்டினான். குழந்தை அவனை ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தை அவர் சட்டைக்குள் திருப்பிக்கொண்டது.

"பைய எடுத்துட்டுக் கெளம்பிட்டியா?" என்றார்.

"ஆமாங்க மாமா."

"மாசம் முடியல இன்னும்."

"தெரியுங்க."

"இந்த மாசமும் போச்சு. மண்டியில உனக்குன்னு எடம் போட்டு வெச்சிருக்கேன். ஆளு வேணும்னு எத்தினி பேரு வந்து கேக்கறான் தெரியுமா?"

பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது. சலாவுதீன் ஓடிப்போய் ஏறிக்கொண்டான்.

சூசைபுரம் கிறித்துவர்களின் ஊர். நடுவில் கோயில், சுற்றிலும் கரும்பும் தக்காளியும். எந்தப் பக்கம் திரும்பினாலும் கிணற்று மோட்டார்களின் உறுமல். யாகப்பன் வாசலிலேயே நின்றிருந்தான்.

"புதன்கெழம கிருஷ்ணகிரியில கல்யாணக் கச்சேரிண்ணே. போன தடவ பாதிப் பாட்டுல கிட்டார் இல்லாம நின்னேன். இந்தத் தடவையும் நின்னா வேற ஆளப் போட்டுருவாங்க. நீங்க நல்ல மனுசன். ஆனா பெட்டி நல்ல பெட்டி இல்லியே."

"தெரியல யாகப்பா."

"உங்களுக்கே தெரியலன்னா?"

யாகப்பனின் அம்மா மிக்கேலம்மாள் உள்ளேயிருந்து சொன்னாள். "வந்த மனுசனுக்குத் தண்ணி குடுடா மொதல்ல. பெட்டி எங்க ஓடியா போயிரும்? அதுதான் எழுந்திரிக்கவே மாட்டேங்குதே."

சலாவுதீன் பெட்டியைத் திறந்தான். அதே இடம், அதே வால்வு. கண்ணாடிக்குள் வெந்து வெளுத்திருந்தது. பக்கத்தில் கண்டென்சர் ஊதிப் போயிருந்தது. சுவர் பிளக்கில் மீட்டரை வைத்துப் பார்த்தான். நூற்று எழுபது வோல்ட். அந்தப் பக்கத்து ஊர்களில் மோட்டார்கள் ஓடும்வரை கரண்ட் அவ்வளவுதான் வரும். அதற்காகவே பெட்டியின் பின்னால் வோல்டேஜுக்குத் தக்கபடி மாற்றிக் குத்தும் ஒரு முளை வைத்திருந்தான். டவுனில் 230-இல் குத்த வேண்டும். இந்த மாதிரி ஊரில் 180-இல் குத்தினால்தான் சத்தம் நிறைந்து வரும். முளை 180-இல்தான் இருந்தது. அவனே குத்தியது.

எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. ஒரு தப்பு அகப்பட்டிருந்தால் போதும், பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று இருந்திருக்கும். தரையில் உட்கார்ந்தான். பிறகு கண்டென்சரை மாற்றி, ரேடியோ வால்வைச் செருகி ஓடவிட்டான். மீட்டர் பிளக்கிலேயே இருந்தது.

பெட்டி சூடேறியது. யாகப்பன் கிட்டாரை மாட்டி ஒரு சினிமாப் பாட்டின் முன்னிசையை வாசித்தான். நல்ல சத்தம். குறையே இல்லை. எப்போதும் போல.

அப்போது கோயில் மணி அடித்தது. ஒரு அடி. நீண்ட இடைவெளி. மறுபடி ஒரு அடி.

யாகப்பனின் கை நின்றது. மிக்கேலம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

"ராயம்மாதான். காத்தாலேருந்து இழுத்துக்கிட்டு இருந்துச்சு. நேத்து சவரியப் பொதச்சாங்க, இன்னிக்கு இது. சனிப்பொணம் தனியாப் போவாதுன்னு சொன்னது சரியாப் போச்சு."

யாகப்பன் கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டு மேல்துண்டை எடுத்தான்.

"எங்க போற? பெட்டி ஓடுது" என்றான் சலாவுதீன்.

"மணி அடிக்குதுல்லண்ணே, போவணும். பெட்டி ஓடட்டும். அடிக்கடி நிறுத்தாத, வால்வு சூடாவே இருந்தா ஆயுசு கெட்டின்னு நீங்கதான சொன்னீங்க?"

சொன்னது உண்மைதான். ஆறு பேரிடமும் சொல்லியிருந்தான்.

வெளியே ஏதோ மாறியது. முதலில் சலாவுதீனுக்கு என்னவென்று புரியவில்லை. கோயிலை ஒட்டிய கிணற்றில் மோட்டார் நின்றது. பிறகு ஓடைப்பக்கம் ஒன்று. பிறகு தூரத்தில், ஒன்றன்பின் ஒன்றாக. தொட்டியில் விழும் தண்ணீரின் சத்தமும் அடங்கியது. ஊரே வாயை மூடிக்கொண்டதைப் போல் இருந்தது.

"மோட்டார் ஏன் நிக்குது?"

"துக்க மணி கேட்டா ஊர்ல ஒரு மோட்டாரும் ஓடாது தம்பி. அடக்கம் முடிஞ்சு கை கழுவிட்டு வந்துதான் போடுவாங்க" என்றாள் மிக்கேலம்மாள்.

பகலிலும் இருட்டாக இருந்த அந்த அறையில் பல்பு எரிந்துகொண்டிருந்தது. இதுவரை மஞ்சளாக இருந்தது, வெள்ளையாகிக்கொண்டு வந்தது. சலாவுதீன் மீட்டரைப் பார்த்தான். முள் நூற்றுத் தொண்ணூறைத் தாண்டியது. இருநூற்றுப் பத்து. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருநூற்று நாற்பதைத் தாண்டி ஏறியது. முளை 180-இல் இருந்தது, அவ்வளவு கரண்டைப் பெட்டி தாங்காது. பெட்டிக்குள் ஒரு முனகல் எழுந்தது.

பாய்ந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கினான்.

வால்வைத் தொட்டான். விரல் சுட்டது. கண்ணாடி தெளிவாக இருந்தது. பிழைத்திருந்தது.

"யாகப்பா, நேத்து பெட்டி எப்ப நின்னுச்சு?"

யாகப்பன் கையிலிருந்த துண்டைப் பார்த்தான்.

"சவரிக்கு மணி அடிச்சப்பவா?"

"அப்பதான்."

"அதுக்கு முந்தி?"

"அதுவும் ஒரு சாவன்னிக்குத்தான். எல்லாமே." யாகப்பன் துண்டை முறுக்கினான். "எதுத்த வூட்டுல உசுரு போயிட்டிருக்கு, நான் இங்க சினிமாப் பாட்டு வாசிச்சிட்டு இருந்திருக்கேன். எப்பிடிண்ணே வெளிய சொல்றது? அம்மா அன்னிக்கே தொடப்பத்த எடுத்துட்டாங்க. மணி கேட்டதும் அப்பிடியே போட்டுட்டு ஓடுவேன். வந்து பாத்தா பொகை."

"கருமாந்தரம்" என்றாள் மிக்கேலம்மாள். "ஊர்ல அத்தினி மோட்டாரும் நிக்குது. இது மட்டும் என்ன, ராசா வூட்டுப் புள்ளையா? இதையும் நிறுத்திப்புட்டுப் போயிருக்கணும்டா."

சலாவுதீன் முளையைக் கழற்றி 230-இல் குத்திப் பார்த்தான். மோட்டார்கள் ஓடும் நேரத்தில் பெட்டிக்குப் பூனைக் குரல்தான் இருக்கும். யாகப்பன் தலையை ஆட்டினான், அது ஆகாது. மறுபடி 180-இலேயே குத்தினான்.

"மணி கேட்டா மொதல்ல பிளக்கைப் புடுங்கு. அப்பறம் போ. வேற ஒண்ணும் இல்ல."

"அவ்வளவுதானாண்ணே?"

"அவ்வளவுதான்."

ராயம்மாள் வீட்டுப் பக்கமாக ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். சலாவுதீன் பையைக் கட்டாமல் தெருவில் நின்றான். வஹிதா இறந்த நாளில் தர்மபுரியில் எதுவும் நிற்கவில்லை. ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போகும்போது டீக்கடையில் ரேடியோ பாடியது. எதிரில் வந்த பஸ் ஹாரன் அடித்து வழி கேட்டது. இங்கே ஒரு கிழவிக்காக ஊர்த் தண்ணீர் நின்றிருந்தது. அந்த மரியாதைதான் அவனுடைய குழந்தையை மாதாமாதம் தள்ளித் தள்ளி வைத்திருந்தது. யாரைக் கோபித்துக்கொள்வதென்று தெரியவில்லை.

திரும்பும் பஸ் காரிமங்கலத்தில் நின்றபோது கவுஸ் பாஷா அதே நாற்காலியில் இருந்தார். குழந்தை கீழே புளியங்கொட்டைகளை அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தது. சலாவுதீன் நின்றபடியே சொன்னான். மணி, மோட்டார், ஏறிய கரண்ட், வெந்த வால்வு. அவர் கடைசிவரை கேட்டார்.

"ஆக, சூசைபுரத்துல இனிமே எவனும் சாவக்கூடாது. அப்பதான் உன் டப்பா பொழைக்கும். அதானே?"

சலாவுதீன் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டான்.

"பேச்சு பேச்சுதான். நேத்து செத்தது செத்ததுதான். ஒண்ணாந்தேதியிலருந்து மறுபடி பாப்போம்."

சலாவுதீன் குழந்தையைப் பார்த்தான். ஒண்ணாந்தேதி வரும். யாகப்பன் பெட்டி நிற்காது. அரூரில் ஒன்று நிற்கும். அதுவும் இல்லையென்றால் கிருஷ்ணகிரியில். மனிதர் கையில் இருக்கும் பெட்டி எப்போதாவது நின்றே தீரும். அந்த மாதம் வரவே வராது. இத்தனை நாள் அது வருமென்று நம்பிப் பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

"நிக்காத பெட்டி என்னால செய்ய முடியாதுங்க மாமா."

"இப்பவாச்சும் ஒத்துக்கிட்டியே. நாளைக்கு மண்டிக்கு வா."

"நின்னா வர்றேன்னுதான் சொல்லி வித்திருக்கேன். போவேன். புள்ளையும் என்கூட வரட்டும்."

"வால்வு மாட்டறப்ப புள்ளைய எங்க வெப்ப?"

"பக்கத்துல."

"போற வழியில?"

"பஸ்ஸுல."

கவுஸ் பாஷா சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. அவருக்கும் போனது மகள்தான். அந்த வீட்டில் அவளுடையதென்று மிஞ்சியது தரையில் புளியங்கொட்டை அளைந்துகொண்டிருந்தது.

முனிராஜ் விசில் அடித்தார். "பாய், ஏறுங்க. வண்டி எடுக்கறோம்."

கவுஸ் பாஷா எழுந்து உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. முனிராஜ் மறுபடி விசிலை வாய்க்குக் கொண்டுபோய், ஊதாமல் வைத்துக்கொண்டார். டிரைவர் எட்டிப் பார்த்தார். பஸ்ஸுக்குள் யாரோ முணுமுணுத்தார்கள்.

அவர் வந்தபோது கையில் பால் பாட்டிலும் துணி மூட்டையும் இருந்தன. அவன் முகத்தைப் பார்க்காமல் அவற்றைத் தோள்பையின் மேல் வைத்தார். குழந்தையைத் தூக்கிக் கொடுக்கவில்லை. "தூக்கிக்க" என்று மட்டும் சொன்னார். "வெள்ளிக்கெழம கொண்டாந்து காட்டு."

சலாவுதீன் தூக்கினான். குழந்தை முதலில் விறைத்தது. பஸ் நகர்ந்ததும் நடப்பது புரிந்துவிட்டது. "நானா, நானா" என்று ஜன்னல் பக்கம் கையை நீட்டிக் கத்த ஆரம்பித்தது. தாத்தாவை அப்படித்தான் கூப்பிடும். அவர் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். வளைவில் மறைந்தார்.

பாட்டிலைக் கொடுத்தான், தட்டிவிட்டது. மீட்டரைக் காட்டினான், அதையும் தள்ளியது. அவனுக்குத் தாலாட்டு ஒன்றும் தெரியாது. பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"நிறுத்தச் சொல்லட்டுங்களா பாய்?" என்றார் முனிராஜ் மெல்ல. "எறங்கி விட்டுட்டு வந்துடலாம். இன்னும் கிட்டத்துலதான் இருக்குது."

"வேணாங்க."

"அழுவுதே."

"அழட்டுங்க."

குழந்தையின் முதுகில் கையை வைத்தான். சூடாக இருந்தது. அழுகை நிற்கவில்லை. கையையும் அவன் எடுக்கவில்லை. பஸ் தர்மபுரியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.