கரண்ட் இல்லாத கம்பி

அரசாங்கத்துக்குப் பணம் தேவைப்பட்டால் கண் எங்கெல்லாம் போகும் என்று சொல்ல முடியாது. வீடு, நிலம், வண்டி எல்லாம் முடிந்து, இந்தத் தடவை அண்ணாந்து பார்த்துவிட்டது. ஊர் விட்டு ஊர் மின்சாரம் கொண்டுபோகும் பெரிய டவர்களுக்கும் அவற்றின் கம்பிகளுக்கும் மாநில அரசு வரி போட்டது. ஒரே ஒரு சலுகை, மின்சாரம் ஓடாத கம்பிக்கு வரி கிடையாது. இந்தச் சலுகையை எழுதியவர் கம்பெனிக்காரர்களை வாழ்க்கையில் நேரில் பார்த்தே இருக்க மாட்டார். மறுமாதமே பாதிக் கம்பிகளில் மின்சாரம் நின்றுவிட்டது. காகிதத்தில்தான். வீடுகளில் மின்விசிறிகள் வழக்கம்போலச் சுற்றிக்கொண்டிருந்தன.

அப்படி நின்றுபோன ஒரு லைனை நேரில் பார்த்துச் சான்று கொடுக்கும் வேலை நம் வரி ஆய்வாளர் தலையில் விழுந்தது. நேர்மையான மனிதர், ஆனால் பயந்த சுபாவம். இரண்டும் ஒரே உடம்பில் இருந்தால் படும் பாட்டை அவரிடம்தான் கேட்க வேண்டும். போதாக்குறைக்கு, அந்த லைனை வைத்திருந்த கம்பெனியின் மேனேஜருடைய மகனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று ஆய்வாளரின் மகள் ஒற்றைக்காலில் நின்றாள். கல்யாணப் பேச்சு முக்கால்வாசி முடிந்திருந்தது. மேனேஜர் மட்டும் பிடி கொடுக்காமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தார்.

"முதல்ல கையெழுத்து ஆகட்டும் சார்," என்றார் போனில். "அப்புறம் உங்கள வாய் நிறைய சம்பந்தின்னு கூப்பிடறேன்."

இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா என்ன!

மறுநாள் காலையில் ஆய்வாளர் சட்டைப் பொத்தான் போடும்போதே மனைவி ஆரம்பித்துவிட்டாள். "கம்பியில கரண்ட் ஓடுதோ தண்ணி ஓடுதோ, நமக்கென்ன? கையெழுத்தப் போட்டுட்டு வாங்க. பொண்ணு வாழ்க்கை இது."

"அப்பா, எனக்காகப் பொய்க் கையெழுத்தெல்லாம் போடாதீங்க," என்றாள் மகள். அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "ஆனா கல்யாணம் நடந்தாகணும்," என்று சொல்லிவிட்டு அவள் பையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

மரக்கடை ஒன்றின் பின்புறம் டவர் நின்றது. மேனேஜர் குடையோடு காத்திருந்தார். டவரில் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, மண்டை ஓடு போட்ட அபாயப் பலகை இருந்த இடம் மட்டும் துருவில்லாமல் பளிச்சென்று தெரிந்தது. பலகையைக் காணோம். உச்சியில் கம்பிகள் விடாமல் 'ங்ங்ங்' என்று முனகிக்கொண்டிருந்தன.

"என்ன சார் அது சத்தம்?"

"காத்து."

ஆய்வாளர் சுற்றிலும் பார்த்தார். ஓர் இலைகூட அசையவில்லை.

"அதோ, உச்சிக் கம்பியில காக்கா உக்காந்திருக்கு பாருங்க. கரண்ட் இருந்தா உக்காருமா?"

"காக்கா எந்தக் கம்பியிலயும் உக்காரும் சார். நானும் பள்ளிக்கூடம் போயிருக்கேன்."

மேனேஜர் பேனாவின் மூடியைத் திறந்து நீட்டினார். அந்த மூடி திறந்த பேனாவைப் பார்த்ததும் ஆய்வாளருக்கு வந்ததே கோபம்! வரி போனால் போகட்டும். முகத்துக்கு நேரே இப்படிக் காதில் பூச்சுற்றுகிற மனிதர், நாளைக்குத் தன் வீட்டுக்கு வரும் பெண்ணை எப்படி நடத்துவார்?

"சரி சார். கரண்ட் இல்லைன்னு நீங்க சொன்னா இல்லதான்," என்று செருப்பைக் கழற்றினார். "மேல போயி ஒரு தடவ தொட்டுப் பாத்துட்டு வந்து போட்டுடறேன்."

மேனேஜர் சிரித்தார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தார்.

பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினால்கூட, பிடித்துக்கொள்ள மனைவியைக் கூப்பிடுகிற ஆசாமி நம்மவர். டவரின் காலில் ஏறுவதற்கென்று இரும்பு முளைகள் வைத்திருந்தார்கள். நாலு முளை ஏறினால் மேனேஜர் உண்மையைக் கக்கிவிடுவார் என்பது அவர் போட்ட கணக்கு. நாலு ஆயிற்று. கீழே சத்தமே இல்லை. இறங்கியிருக்கலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் பயந்தவர்களுக்குப் பிடிவாதம் வந்தால் அதற்கு அளவு கிடையாது. இன்னும் ஒன்று. இன்னும் ஒன்று. 'சொல்லுய்யா, சொல்லித் தொலையேன்' என்று மனசுக்குள் கெஞ்சினார். கீழே குடை நின்ற இடத்திலேயே நின்றது. இந்த வீட்டுக்கா என் பெண்ணைக் கொடுக்கப் போகிறேன் என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த முளைக்குக் கையை நீட்டினார்.

கீழே குடை விழுந்தது.

"சம்பந்தி!"

அந்த அலறலில் மரக்கடையில் ரம்பம் நின்றுவிட்டது.

"சம்பந்தி, இறங்குங்க! கரண்ட் இருக்கு! ராத்திரி பகலா ஓடுது! வரிய எவ்வளவு வேணாலும் போட்டுத் தொலைங்க, மொதல்ல இறங்குங்க!"

ஆய்வாளர் டவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "இறங்கத்தான் பாக்கறேன். கால் வரமாட்டேங்குது."

மேனேஜர் வேட்டி கட்டியவரில்லை, மடித்துக் கட்ட. பேன்ட்டோடு தத்தித் தத்தி ஏறி வந்தார். "என் தோள்ல கால வைங்க."

"மாப்பிள்ளையோட அப்பா தோள்ல நான் எப்படி..."

"வைங்கய்யா, முறையெல்லாம் கீழ போயிப் பாத்துக்கலாம்!"

இருவரும் ஒரு வழியாகத் தரைக்கு வந்து, மரத்தூளில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இளைப்பாறினார்கள். மூச்சு நிதானத்துக்கு வந்ததும், நீட்டப்பட்ட அதே பேனாவை வாங்கி ஆய்வாளர் எழுதினார்: மின்சாரம் ஓடுகிறது, வரி உண்டு.

"தலைமை ஆபீஸ்ல என்னைய உண்டு இல்லைன்னு பண்ணப் போறாங்க," என்றார் மேனேஜர்.

ஆய்வாளர் டவரில் ஏறியபோதுகூட இவ்வளவு பயப்படவில்லை. "அப்போ... பசங்க விஷயம்?"

மேனேஜர் தோளில் பதிந்திருந்த பாதத் தடத்தைத் தட்டிவிட்டுக்கொண்டார். தட்டத் தட்டத் துரு இன்னும் நன்றாக அப்பிக்கொண்டது.

"கையெழுத்துக்கு முன்னாடியே கூப்பிட்டாச்சு, மரக்கடையே கேட்டுச்சு. இனிமே எப்படித் திரும்ப வாங்கறது?" என்று எழுந்து, செருப்பை எடுத்து அவர் காலடியில் போட்டார். "போட்டுக்கோங்க சம்பந்தி. தரை சுடுது."