விழாத துளி

இருட்டில் ஒரு துளி பால். குழாயின் நுனியில் பருத்து நிற்கிறது. வெளிச்சம் இல்லாததால் அது வெள்ளையாகவும் இல்லை.

ஐப்பசிப் பிற்பகல். கல்லூரி ஆய்வுக்கூடத்தின் சன்னல்களில் கறுப்புத் துணி. தகரக் கூரையில் மழையின் இரைச்சல்.

பாக்கியநாதன் இயற்பியல் ஆசிரியர். விழுகிற துளியைப் பாதி வழியிலேயே படத்தில் நிறுத்த வேண்டும் அவருக்கு. அதற்கு, கண் இமைப்பதைவிடச் சிறிய வெளிச்சம் வேண்டும்.

கேமராவின் கண் இருட்டில் திறந்தே கிடக்கும். அவர் மனைவி தவமணி குழாயைத் திருகுவாள். துளி ஒரு கம்பியை உரசிக்கொண்டு விழும். பக்கத்துக் கண்ணாடிச் சாடியில் சேர்த்த மின்சாரம் பொறியாகத் தெறிக்கும். அவ்வளவுதான் வெளிச்சம்.

பிறகு சாடி காலி. "ஆச்சு" என்பார். இருட்டிலேயே கை நீட்டிச் சாடியின் கம்பியைக் கழற்றுவார்.

நிறைந்த சாடியைத் தொட்டால் ஆள் மிஞ்ச மாட்டான்.

"இடி வரும் போலிருக்கு. நாளைக்கு வச்சிக்கிடலாமா?"

"ஒனக்கு அடுப்புல கடுகு வெடிச்சாலே பயம். கொழாயப் பிடிட்டி."

பிடித்தாள். துளி பருத்தது. அவள் நெஞ்சுக்குள்ளும் ஏதோ பருத்தது. பெயர் தெரியாத ஒன்று.

வெளிச்சம்.

"ஆச்சு" என்றார் அவர். நகரும் செருப்பொலி. கை நீட்டும் சட்டையின் சரசரப்பு.

ஆனால் அவள் குழாயைத் திருகவே இல்லை.

துளி விழவில்லை. விழாத துளிக்கு ஏது வெளிச்சம்? சன்னல் துணி ஒரு மூலையில் நனைந்து சரிந்திருந்தது. வந்தது மின்னல். சாடி நிறைந்தே இருக்கிறது.

"தொடாதிய!"

கத்திய வேகத்தில் கை குழாயைத் திருகிவிட்டது. சடக். நீல வெளிச்சம். அதற்குப் பின்தான் இடி வந்தது, கூரையை உலுக்கிக்கொண்டு.

சாடி இப்போதுதான் காலி. கையைப் பின்னுக்கு இழுக்கும் சட்டையின் சரசரப்பு.

சாயங்காலம் படத்தைக் கழுவிக் கொடியில் தொங்கவிட்டார். "ஏட்டி, இம்புட்டுச் சத்தமா கத்துவ? காது இன்னும் அடைச்சிக் கெடக்கு" என்று சிரித்தார். விரலிலிருந்து கவ்வி இருமுறை நழுவியது.

பிறகு படத்தையே பார்த்தபடி, மெதுவாக: "நல்லா விழுந்திருக்கு. நாளைக்கும் பாப்போம்."

அவள் கத்தியது படத்தில் இல்லை. இடியும் இல்லை. அவருடைய விரல் இருந்தது. சாடிக்கு ஓர் அங்குலம் முன்னால்.

வெளியே மழை விட்டிருந்தது. கொடியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. விரலுக்கு மேலே, காற்றில், ஒரு துளி பால். வெள்ளையாக.

அது இன்னும் விழவில்லை.