கறுப்புத் துணியில் ஒரு வெள்ளை

...கறுப்புத் துணியைத்தானா போர்த்த வேண்டும், வேறு நிறமே கிடைக்கவில்லையா இந்த ரங்கசாமி அண்ணனுக்கு, சரி போர்த்தட்டும், இன்று எனக்கென்ன பயம், மூன்று வருஷம் கழித்து எங்கள் ஊர் ஜாசினில் முடிவெட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், திலீபன், நான்தான், கண்ணாடியில் இளிப்பதும் நான்தான்... கடைசியாக வந்தபோது இதே துணியில் செதில் செதிலாகக் கொட்டியது, சோரியாசிஸ் என்றேன், "என்னா தம்பி, சொறியா?" என்றார் அண்ணன், கடையே திரும்பிப் பார்த்தது, தொத்து வியாதி இல்லை என்று விளக்கக்கூட நிற்காமல் பாதி வெட்டிய தலையோடு ஓடினேன், மீதியை வெட்டியது என் மனைவி பவானேஸ்வரி, அன்றிலிருந்து மாதாமாதம் அவள்தான், அடுப்படியில் பழைய செய்தித்தாளை விரித்து, வெளியே போனால் எனக்குத் தொப்பி, வேலை பார்க்கும் குருபோங் ஃபேக்டரியிலும் தொப்பி...

ஆனால் இது வேறு தலை! நானாக வாங்கிப் பூசிய ஸ்டீராய்டு மருந்தை நிறுத்தியதும் இரண்டு மடங்காகக் கிளம்பியதே, அந்தத் தலை இல்லை, இது கிளினிக் டாக்டரம்மா கொடுத்த ஸ்டீராய்டு இல்லாத வைட்டமின் டி மருந்தைச் சொட்டுச் சொட்டாகக் குடித்த தலை, கூடவே தார் ஷாம்பு, "புது ஜாலான்ல தார் ரோடு போட்ட மாதிரி நாறுறீங்க லா" என்று பவானேஸ்வரி மூக்கைப் பொத்துவாள், பொத்தட்டும், "அடியோட போவும்னு சொல்ல மாட்டேன், அடங்கும், பொறுமையா போடுங்க" என்றார் டாக்டரம்மா, பத்து வாரம் பொறுத்தேனே... சீப்பு காதுக்கு மேலே ஏறுகிறது, அங்கேதான் ரொம்ப மோசமாக இருந்தது, கத்தரி ஏன் நின்றது, ஐயோ, மடியில் வெள்ளையாக ஏதோ விழுகிறது, இன்னொன்று, மறுபடியுமா, எழுந்து ஓடிவிடலாமா, துணிக்குள்ளிருந்து கையை எடுத்துத் தொட்டுப் பார்க்கிறேன், விரலில் ஒட்டுகிறது, மெல்லிசாக, வளைந்து... முடி! நரைமுடி!

"ரொம்ப நரைச்சிருச்சே தம்பி, டை அடிச்சிரவா?" என்கிறார் அண்ணன், சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது, "வேணாம்லா அண்ணே, இருக்கட்டும்," நரைக்காக இப்படிச் சந்தோஷப்பட்டவன் மலாக்காவிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன், எழுந்து அண்ணனைக் கட்டிப் பிடிக்கலாம் போலிருக்கிறது... ஆனால் இவ்வளவு நரை எப்போது வந்தது, கண்ணாடியில் நான் தேடியதெல்லாம் செதிலை மட்டும்தான், வெட்டியவள் பார்த்திருப்பாளே, செய்தித்தாளோடு சுருட்டி எறிந்திருப்பாளே, ஒரு வார்த்தை சொல்லவில்லையே, இந்த மனுஷனுக்குச் செதில் கவலையே போதும் என்று விட்டுவிட்டாளோ, அப்படி இன்னும் என்னென்னவற்றை, அவளுடைய கவலைகளைக்கூட, சொல்லாமல் சுருட்டி எறிந்தாளோ, இன்று போனதும் கேட்க வேண்டும், கேட்டால் சொல்வாளா...