செவ்வாய்க்கிழமை உப்பு

குளத்தங்கரைச் சாமி சமாதியாகி ஒரு வருஷம் நிறைய இன்னும் பத்து நாள் இருந்தது. திருத்தணி மலையடிவாரத்தில் அவர் குடியிருந்த கொட்டகையில் அடியார்கள் கூடியிருந்தார்கள். குருபூஜையன்று ஒரு சின்னப் புத்தகம் வெளியிடுவதாக ஏற்பாடு. அதில் அற்புதங்கள் எதுவும் வரப்போவதில்லை. சாமி அப்படி எதுவும் செய்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. காலையில் எத்தனை மணிக்கு எழுந்தார், மலையேறும்போது எந்தப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார், குரங்குக்கு எதைக் கொடுத்தார், தாம் எதைச் சாப்பிட்டார் என்று அவருடைய ஒரு நாள் போன விதத்தை அவரவர் வாயால் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற ஆதிகேசவ வாத்தியார் அதை நோட்டில் எழுதி, அரக்கோணத்து அச்சுக்கூடத்தில் கொண்டுபோய்க் கொடுப்பார்.

சண்டை முடிந்து வெள்ளைக்காரனும் மூட்டை கட்டிவிட்டான். காகிதப் பஞ்சம் மட்டும் போகவில்லை. ஆகையால் வாத்தியார் முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்.

"ஆளுக்கு அரைப் பக்கம். சாமியைப் பத்திச் சொல்லணும். அவங்கவங்க பொண்ணு கல்யாணத்தைப் பத்திச் சொல்லக் கூடாது."

குப்பம்மாள் கூட்டத்தின் கடைசியில், கம்பத்தை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். கே.ஜி.கண்டிகையிலிருந்து நடந்து வந்தவள். கழனி வேலைக்காரி. புருஷன் போய்ப் பல வருஷமாகிறது, பிள்ளை குட்டி இல்லை. அவளுக்கென்று இந்த உலகத்தில் இருந்தது கொட்டகைக்குப் பின்னாலிருந்த மூன்று கல் அடுப்புதான். அதுவும் வாரத்தில் ஒரு நாளைக்கு. சாமிக்கு ஏழு நாளும் ஏழு பேர் முறை வைத்துச் சமைத்தார்கள், செவ்வாய்க்கிழமை குப்பம்மாளுடையது. சாமி போன பிறகும் சமாதிக்குப் படைக்கிற சோறு அதே முறைப்படிதான் நடந்தது. திங்கட்கிழமை சாயங்காலமே அவளுக்குக் கால் தரையில் பாவாது. கழனியில் களையெடுக்கிற பெண்கள், "நாளைக்கு உனக்குக் கல்யாணமா?" என்று கேலி பேசுவார்கள். அவள் சிரித்துக்கொள்வாள்.

இன்று அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வாத்தியார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, தாம் எழுதிய முதல் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

"செவ்வாய்க்கிழமைகளில் சுவாமிகள் உப்பை அறவே நீக்கி உணவு கொண்டார்கள். இந்த உப்பில்லா விரதத்தை மூன்றாண்டுகள் ஒரு நாளும் வழுவாமல் காத்தார்கள். சர்க்கார் இவ்வாண்டு உப்பு வரியை நீக்கியதற்கும் இவ்விரதத்திற்கும் தொடர்பு உண்டா என்பதை அறிஞர்கள் ஆராய்வார்களாக."

படித்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். "குருபூஜையிலேர்ந்து நாம எல்லாரும் இந்த விரதத்தை எடுத்துக்கணும். நான் நாலு வருஷமா இருந்துகினுதான் இருக்கேன். குப்பம்மாவுக்கு அன்னிக்கு ஒரு மாலை போடணும். விரதச் சோறு ஆக்கினவங்க ஆச்சே."

குப்பம்மாள் முந்தானை முனையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

விஷயம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். நாலு வருஷத்துக்கு முந்தைய ஓர் ஆடிச் செவ்வாய். நடவு முடிந்து, சேறு காயாத காலோடு ஓடிவந்து அடுப்பு மூட்டினாள். சோறும் கீரைக் குழம்பும். சாமிக்கு வைக்கிற எதையும் முன்னதாக நாக்கில் வைத்துப் பார்க்கிற வழக்கம் கிடையாது. கண்ணால் பார்த்து, கையால் அளந்து, மனசால் நம்பிப் போடுவதுதான். சாமி இலையைத் துடைத்தாற்போல் சாப்பிட்டு எழுந்தார். மிச்சத்தைப் பிரசாதம் என்று வாத்தியார் ஒரு கவளம் வாயில் போட்டவர், மென்றார், நிறுத்தினார், மறுபடி மென்றார்.

"குப்பம்மா, இதுல உப்பே இல்லியே. சாமி, இது எதனா விரதமா?"

சாமி சிரித்தார். "அந்த அம்மாவைக் கேளுப்பா."

வாத்தியார் அவள் பக்கம் திரும்பினார். உப்புப் பொட்டலம் அவள் முந்தானை முடிச்சில், கட்டினது கட்டினபடி இருந்தது. அது நெருப்பாகச் சுட்டது. சாமிக்கு உப்பில்லாத சோறு போட்டவள் என்று தெரிந்தால் நாளைக்கு அடுப்பை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். அவள் வாயிலிருந்து ஒரே ஒரு சொல் வந்தது.

"ஆங்."

அந்த ஒரு சொல்தான் விரதமாயிற்று. அடுத்த செவ்வாய் அவள் உப்பை உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். ஆனால் விரதப் பிரசாதம் வாங்க வாத்தியார் நாலு பேரைக் கூட்டிவந்து அடுப்புக்கு எதிரிலேயே உட்கார வைத்திருந்தார். அதற்கடுத்த வாரம் பத்துப் பேர். உப்பு கையிலேயே கரைந்தது. சாமி ஒவ்வொரு செவ்வாயும் சிரித்த முகமாகச் சாப்பிட்டார், "நல்லாருந்துதும்மா" என்று சொல்லி எழுந்தார். நாளாக ஆக, ஒருவேளை சாமிக்கு இப்படித்தான் பிடிக்குமோ என்று அவளே நம்ப ஆரம்பித்தாள். கேட்டால் தெரிந்துபோகுமே என்று கேட்கவுமில்லை.

"அடுத்து தங்கவேலு" என்றார் வாத்தியார்.

தங்கவேல் அடிவாரத்தில் பொரிகடலைக் கடை வைத்திருப்பவர். எங்கே பேசச் சொன்னாலும் முதலில் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்கிறவர். துடைத்துக்கொண்டார்.

"நான் இன்னாத்தைச் சொல்றது. செவ்வாக்கெழமைன்னா மூணு மணிக்குச் சாமி எங்கடைக்கு வந்துடுவாரு. மத்த கெழமை வரமாட்டாரு. முருகனுக்கு உகந்த நாளு பாருங்க, அன்னிக்குத்தான் வருவாரு. மூட்டை மேல குந்திகினு, 'தங்கவேலு, ஒரு கை வேர்க்கடலை குடு, உப்பு தூக்கலா இருக்கட்டும்'னுவாரு. துன்னுட்டு, கையில ஒட்டின உப்பைக் கூட நக்கிடுவாரு, கொழந்தையாட்டம். அதை எழுதிக்குங்க. எனக்கு அது போதும்."

வாத்தியாரின் பேனா நின்றது. "எந்தக் கிழமை?"

"செவ்வாக்கெழமைங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. புதனா இருக்கும்."

"புதன்கெழமை நான் சந்தைக்குப் போயிடுவேன். செவ்வாதான்."

பக்கத்திலிருந்த பங்காரு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். ஆர்.கே.பேட்டை நெசவுக்காரர், செவ்வாய்தோறும் புடவை மூட்டையோடு திருத்தணிக்கு வருபவர். தங்கவேலைப் பாவா என்று மச்சான் முறை வைத்துக் கூப்பிடுவார், முறை ஒன்றும் கிடையாது.

"அட, கடலை உங்கூட்டுதா பாவா? சாமி எங்கிட்ட வர்றப்போ மீசையில கடலைத் தோலு இருக்கும், எங்கேர்ந்துடா இதுன்னு நெனைப்பேன். நாலு மணிக்கு என் சோத்து மூட்டையப் பிரிப்பேன் பாருங்க, பின்னாடியே வந்து நிப்பாரு. 'பங்காரு, ஆவக்காய் கீதா?'ன்னு கேப்பாரு. ஒரு துண்டு குடுத்தா, கொட்டையைக் கூட விடமாட்டாரு. உறிஞ்சிகினே மலையேறிடுவாரு."

கொட்டகையில் ஒரு சலசலப்பு. வாத்தியார் முகம் சிவந்தது.

"விரத நாளில் ஊறுகாயா? அந்த விரதத்தால உப்பு வரியே போச்சுன்னு எழுதி வச்சிருக்கேன்."

"போன உப்பு வரிக்கு உண்டான உப்பெல்லாம் என் ஊறுகாயிலதான் இருந்துதுங்க" என்றார் பங்காரு.

"உனக்கு எல்லாம் விளையாட்டு. தங்கவேலு, கடைக்குப் பேர் வரணும்னு சாமி பேர்ல பொய் சொல்லக் கூடாது. உன் அரைப் பக்கத்தை நான் அடிச்சிட்டேன்." பேனாவால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

தங்கவேல் துண்டை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "சரிங்க. என் பேரே வாணாம்."

சமைத்துவிட்டுத் திரும்பும் செவ்வாய்க்கிழமைகளில், "கண்டிகைக்குப் போறவ வெறுங்கையோட போகாதே" என்று குப்பம்மாளின் மடியில் ஒரு பிடி பொரியைப் போடுகிற மனிதர் அவர். ஒரு நாள்கூட மறந்ததில்லை. அவர் வாசல் பக்கம் இரண்டடி வைத்தார். மூன்றாவது அடி வைப்பதற்குள் குப்பம்மாள் எழுந்துவிட்டாள். கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, அவரு பொய் சொல்லலீங்க. நான்தான் சொன்னேன். விரதமும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க. நான் உப்பு போட மறந்துட்டேன்."

வாத்தியார் பேனாவைக் கீழே வைத்தார்.

"நாலு வருஷமாவா மறந்தே?" என்றார் வாத்தியார், மெதுவாக.

"மொத நாளு மறந்துட்டேங்க. மத்த நாளெல்லாம் பயந்துட்டேன்."

முந்தானை முடிச்சிலிருந்து சாமி 'அந்த அம்மாவைக் கேளு' என்றது வரை எல்லாவற்றையும் சொன்னாள். அடுப்பை நினைத்துத்தான் பயந்தேன் என்பதையும் சொன்னாள். சொல்லி முடித்துத் தலையைக் குனிந்துகொண்டாள். இனி செவ்வாய்க்கிழமை மற்றக் கிழமைகளைப் போல ஒரு கிழமை, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

முதலில் யாரோ இருமுவதுபோல் இருந்தது. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த வாத்தியாரின் மனைவி கௌரியம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கிற்று. கண்ணில் நீர் முட்டிற்று. கடைசியில் அடக்க முடியாமல் பீறிட்டுவிட்டது.

"கௌரி, இன்னா இது?" என்றார் வாத்தியார்.

"ஏங்க, செவ்வாக்கெழமை வீட்டுல சாப்பிட்டுட்டு நீங்க இன்னா சொல்வீங்க? அதை இவங்களுக்குச் சொல்லுங்க."

"இப்ப எதுக்கு அது?"

"நானே சொல்றேன். 'கௌரி, விரத மகிமையைப் பார்த்தியா, உப்பே இல்லாத குழம்பு உப்பு போட்டதைவிட ருசிக்குது'ம்பாரு. நாலு வருஷமா இதே பாட்டு." கௌரியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அது மகிமை இல்லீங்க. கல்லுப்பு."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார்.

"போட்டியா?"

"வயசான மனுசன், உப்பில்லாம எப்பிடித் துன்னுவாருன்னு மனசு கேக்கல. ஒவ்வொரு வாரமும் போட்டேன்."

பங்காரு தரையில் சாய்ந்துவிட்டார். வாசலில் நின்ற தங்கவேல் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். ஒருவர் அடங்கினால் இன்னொருவர் ஆரம்பித்தார். யாராவது 'கல்லுப்பு' என்று ஈனசுரத்தில் சொன்னாலே போதும், மறுபடி கொட்டகை முழுக்க அலை அடித்தது. கூரைமேல் உட்கார்ந்திருந்த குரங்குகள் பயந்துபோய் மலைப்பக்கம் ஓடின. வாத்தியார் வெகுநேரம் மீசையைக் கடித்துக்கொண்டு வீறாப்பாக உட்கார்ந்திருந்தார். பிறகு நோட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். அவர் முதுகு குலுங்குவதைப் பார்த்தபோதுதான் குப்பம்மாளுக்கு மூச்சு வந்தது.

சிரிப்பு ஓய்ந்தபின் வாத்தியார் கண்களைத் துடைத்தபடி சொன்னார். "சாமிக்கு மொத நாளே தெரியும். உம் முந்தானையைப் பார்க்காமலா இருந்திருப்பாரு. நீ ஆங்னு சொல்லிட்டே. அந்தச் சொல்லு பொய்யாகிடக் கூடாதுன்னு மூணு வருஷம் சப்புன்னு சாப்பிட்டுட்டு, யாருக்கும் தெரியாம கடலையையும் ஊறுகாயையும் தேடிகினு போயிருக்காரு."

"தெரியாம இன்னா," என்றார் பங்காரு, "மீசையில தோலோட."

வாத்தியார் நோட்டில் முதல் பக்கத்தைக் கிழித்தார். தங்கவேலின் அரைப் பக்கத்தைக் கோடில்லாமல் புதிதாக எழுதினார். எழுதி முடிக்கிற வரை காத்திருந்து குப்பம்மாள் கேட்டாள்.

"ஐயா, என் அடுப்பு?"

"குருபூஜை என்னிக்கு வருது?"

"செவ்வாய்க்கெழமைங்க."

"அப்புறம் இன்னா கேள்வி? வெண்பொங்கல் உன்னுது. உப்பு மட்டும் போட்டுடு தாயே."

குருபூஜையன்று விடியற்காலையிலேயே குப்பம்மாள் அண்டாவை ஏற்றிவிட்டாள். உப்பைப் பத்துப் பேர் பார்க்கும்படி உள்ளங்கையில் நீட்டிக் காட்டிவிட்டுத்தான் போட்டாள். படைக்கிற பொங்கலாயிற்றே, ருசி பார்க்க முடியாது. போட்டோமா, போட்டோமா என்று இரண்டு தரம் தன்னையே கேட்டுக்கொண்டு, மனசு ஆறாமல் இன்னொரு பிடியும் போட்டாள். அப்புறம் இலை கழுவக் குளத்துக்குப் போனாள்.

அவள் போன பிறகு கௌரியம்மாள் அடுப்புப் பக்கம் வந்தாள். பாவம், பதற்றத்தில் குறைச்சலாகப் போட்டிருப்பாள், இத்தனை பேர் எதிரில் அவளுக்குத் தலைகுனிவு வரக் கூடாது என்று ஒரு பிடி போட்டுக் கிளறினாள். சற்றுப் பொறுத்துத் தங்கவேல் வந்தார். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தார், துண்டு முனையிலிருந்து ஒரு பிடி போட்டார். பங்காருவும் வந்தார். கடைசியில் வாத்தியாரே வந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒரு பிடி போட்டார்.

பூஜை முடிந்தது, பந்தி உட்கார்ந்தது. குப்பம்மாள் கரண்டியோடு வரிசையாகப் பரிமாறிக்கொண்டே போனாள். முதல் கவளம் வாய்க்குப் போனதும் பந்தி முழுக்க ஒரு நிமிஷம் அசையாமல் நின்றது. பிறகு எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட ஆரம்பித்தார்கள். தண்ணீர்ச் செம்பு கைக்குக் கை மாறிற்று.

"ஐயா, உப்பு சரியா இருக்குதுங்களா?" என்று குப்பம்மாள் வாத்தியாரிடம் கேட்டாள்.

வாத்தியார் விழுங்கினார். கண் லேசாகக் கலங்கியிருந்தது. "நல்லாருக்குதும்மா" என்றார்.

அவளுக்குச் சந்தேகம் தட்டிற்று. கரண்டி விளிம்பில் ஒட்டியிருந்ததை விரலால் எடுத்து நாக்கில் வைத்தாள். வரிசையைப் பார்த்தாள். கௌரியம்மாள் இலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பங்காரு கூரையைப் பார்த்துக்கொண்டு மென்றார். ஒருவர் இலையிலும் ஒரு பருக்கை மிச்சம் வைக்கிற உத்தேசம் தெரியவில்லை.

தங்கவேலின் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. அவர் இலையைக் காலி செய்துவிட்டு நிமிர்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"குப்பம்மா, இன்னும் கொஞ்சம் போடு" என்றார்.

குப்பம்மாள் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு, இரண்டு கரண்டி நிறையப் போட்டாள்.