சாராயம் தெளித்த துண்டு

செல்லதுரை வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்தவரில்லை. ஆனால் அகரவெளியில் யாரைக் கேட்டாலும் அவரைப் பெருங்குடிகாரர் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தவள் அவர் மனைவி அம்சம். பொழுது சாய்கிற நேரத்தில் அரை டம்ளர் சாராயத்தை அவருடைய தோள்துண்டில் தெளித்து, ஒரு உதறு உதறி, திரும்ப அவர் தோளிலேயே போட்டுவிடுவாள். தெருவில் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அதுதான் அவளுக்கு வேண்டியது.

அரசாங்கம் மதுவிலக்கை எடுத்துவிட்டுக் கடை திறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் இந்த யோசனை அவளுக்கு வந்திருக்காது. இப்போது குடவாசல் சாலையிலேயே கடை. ஒரு மனுஷன் தள்ளாடினால் ஏன் தள்ளாடுகிறான் என்று கேட்கிற சிரமம் ஊருக்கு இல்லாமல் போயிற்று.

நோய் காதில்தான் தொடங்கியது. இடது காதுக்குள் ஒரு வண்டு புகுந்துகொண்டு ஓயாமல் இரைகிறது என்றார் செல்லதுரை. அம்சம் எண்ணெய் காய்ச்சி ஊற்றினாள். வண்டு போகவில்லை, காது போயிற்று. அடுத்த வருஷம் வலது காதிலும் அதே இரைச்சல். பிறகு கால். பகலில் தரையைப் பார்த்துப் பார்த்து நடந்துவிடுவார். கொஞ்சம் இருட்டினாலோ, முகம் கழுவக் கண்ணை மூடினாலோ அப்படியே சாய்வார். ஏர் பிடித்து நேராகப் போக முடியவில்லை. முழங்கைக்குக் கீழே தோலுக்கடியில் பாக்கு அளவில் இரண்டு முடிச்சுகள் வேறு. தொட்டால் விரல் நுனிவரை கரண்டு பாய்கிறது என்பார்.

தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டர் மண்டையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, அவருக்குக் கேட்காது என்பதால் அவளிடமே சொன்னார்.

"காதுக்குப் போற நரம்புல கட்டிம்மா. ரெண்டு பக்கமும் இருக்கு. கையில இருக்கற முடிச்சும் நரம்புல வந்ததுதான். இவரோட அப்பா, அம்மா யாருக்காவது இப்படி இருந்துச்சா?"

இருந்தது. செல்லதுரையின் அப்பாவுக்கும் காது கேட்காது. வாய்க்கால் மேல் போட்ட தென்னை மரத்தில் நடந்து வரும்போது விழுந்து செத்தார். கள்ளு அதிகம் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அந்த மனுஷனும் குடிக்காதவர்தான் என்பது அம்சத்துக்கு அன்றுதான் உறைத்தது.

"ரத்தத்துல வர்ற வியாதி. பிள்ளைங்களுக்கும் வரலாம், பாதிக்குப் பாதி. மெட்ராஸ்ல ஆபரேசன் இருக்கு, ஆனா உயிருக்கு உத்தரவாதம் சொல்ல முடியாது. ஒரு பொண்ணுன்னீங்களே, அதையும் அழைச்சிட்டு வாங்க, பாத்துடுவோம்."

அம்சம் அழைத்துப் போகவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை நாலாக மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டாள். மகள் செங்கமலத்துக்குப் பதினேழு வயது. குடிகாரன் மகள் என்றால் யாரும் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ள மாட்டார்கள். குடி இல்லாத வீடு எது? ரத்தத்திலேயே நோய் என்றால் அந்தப் பெண்ணை எவன் கட்டுவான்?

செல்லதுரையின் காதில் வாயை வைத்து யோசனையைச் சொன்னபோது அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எங்கப்பனயும் இப்படித்தானடி சொன்னாங்க!"

இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் மகள் தண்ணீர்க் குடத்தோடு வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தானாகவே துண்டை எடுத்து அம்சத்திடம் நீட்டினார். 

அவர்களுக்கு இருந்தது பண்ணை நிலத்தில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், குத்தகை. மூன்று தலைமுறையாக உழுதது. அவருக்கு முடியாமல் போனபின் அம்சமும் மகளும்தான் அதில் பாடுபட்டார்கள். குத்தகைக்காரன் பெயரைச் சர்க்கார் ஏட்டில் பதிந்துவிட்டால் யாரும் அவனைக் கிளப்ப முடியாது என்று சட்டம் வந்ததும், ஊரில் பாதிப் பேர் மனுப் போட்டார்கள். பண்ணையும் சும்மா இருக்குமா? ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்து எதிர்மனுப் போட்டது. செல்லதுரை விஷயத்தில் அவர்களுக்குத் தேடுகிற வேலையே இல்லை. அவர் குடித்துக் குடித்து நிலத்தை அப்படியே விட்டுவிட்டார், இரண்டு வருஷமாகப் பண்ணை ஆட்கள்தான் சாகுபடி செய்கிறார்கள், அம்சம் அங்கே நாற்று நட்டதுகூடப் பண்ணைக் கூலிக்குத்தான் என்று காரியக்காரர் ரெங்கசாமி எழுதிக் கொடுத்துவிட்டார். பண்ணையின் வரவு செலவைப் பார்க்கிற மனுஷன். முன்பு கையில் பிரம்பு வைத்திருந்தவர், இப்போது தோளில் ஆளுங்கட்சிக் கரைபோட்ட துண்டு வைத்திருந்தார். பேச்சு மட்டும் பழைய பேச்சுதான்.

விசாரணைக்கு அதிகாரி வயலுக்கே வருகிறார் என்று தெரிந்ததும் அம்சம் துண்டைச் சவுக்காரம் போட்டு இரண்டு தடவை துவைத்தாள். ஒரே ஒரு நாள் அவர் குடிக்காதவராக இருந்தால் போதும் என்று நினைத்தாள். பாவி, இரண்டு வருஷம் ஊர் மூக்கில் ஏற்றியதை ஒரு நாளில் இறக்கிவிட முடியுமா?

அதே நாளில் தம்புசாமியும் வந்து சேர்ந்தார். செங்கமலத்தைப் பெண் பார்த்துவிட்டுப் போன பையனுக்குத் தாய்மாமன். தேதி குறிக்கத்தான் வந்திருக்கிறார் என்று அம்சத்துக்குச் சந்தோஷம். எல்லோரும் வயலுக்குப் போகிறார்கள் என்றதும் அவரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து வாய்க்கால் கரையில் நின்றார்.

சம்பா நட்டு இருபது நாள் ஆகியிருந்தது. முதல்நாள் மழையில் வரப்பு வழுக்கியது. அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கிக் குடையை ஊன்றிக்கொண்டு, "நாலெல்லையைக் காட்டுங்க" என்றார். செல்லதுரைக்குக் கேட்கவில்லை. அம்சம் அவர் முதுகைத் தொட்டு முன்னால் அனுப்பினாள். கண்ணைத் தரையிலேயே வைத்துக்கொண்டு கிழக்கு வரப்பில் நடந்தார். பத்து எட்டுவரை நன்றாகத்தான் போனார். எல்லைக்கல்லைக் காட்டக் கையைத் தூக்கித் தலையை நிமிர்த்தினார், அவ்வளவுதான், அப்படியே நாற்றுக்குள் சாய்ந்துவிட்டார்.

"பாத்துக்கிட்டீங்களா சார்? காலையில பத்து மணிக்கே இந்த லட்சணம்" என்றார் ரெங்கசாமி. "டேய் செல்லதுரை, ஏந்திரிடா!"

கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களும் மனுப் போட்டவர்கள்தான். செங்கமலம் சேற்றில் இறங்கி அப்பாவைத் தூக்கி வரப்பில் உட்காரவைத்தாள். அதிகாரி கிட்டே போய்க் குனிந்து, அவர் தோளில் கை வைத்து, முகத்தருகே மூச்சை இழுத்துப் பார்த்தார். பிறகு அம்சத்தைத் தனியே கூப்பிட்டார்.

"ஏம்மா, நெடி துளிகூட இல்லையே. எப்படி இப்படித் தள்ளாடுறாரு? உடம்புக்கு ஏதாவது சீக்கா? சீக்குன்னா பயப்படாம சொல்லு. நீயும் உன் மகளும் பாடுபடுறது அவர் பாடுபட்ட கணக்குதான், சட்டத்துல எடம் இருக்கு, இப்பவே பதிஞ்சிடுவேன். குடிதான்னா, நெலத்தை விட்டுட்டாருன்னு மனுவுல இருக்கறதத்தான் நான் எழுதணும்."

அம்சத்தின் கை சுருக்குப்பைக்குப் போனது. சீட்டு விரலில் தட்டுப்பட்டது. எடுத்து நீட்டினால் ஆறு மாவும் கைக்கு வந்துவிடும். நிமிர்ந்து பார்த்தாள். தம்புசாமி வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். சீட்டை அதிகாரி படித்தால் ரெங்கசாமிக்குத் தெரியும். ரெங்கசாமிக்குத் தெரிந்தால் பொழுது சாய்வதற்குள் குடவாசல்வரை தெரியும்.

"குடிதாங்க ஐயா."

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா."

"குடிதாங்க. ஊரே சிரிக்குதே, பாக்கலியா?"

அதிகாரி பேனாவைத் திறந்தார். ஜீப்பின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து எழுதினார், அவள் கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றி அழுத்தினார். ரெங்கசாமியையும் ஏற்றிக்கொண்டு ஜீப் போய்விட்டது. அம்சத்துக்கு அழுகை முட்டியது. ஆனாலும் பெண்ணைக் கரை சேர்த்துவிட்டோம் என்று ஒரு தைரியம். முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு தம்புசாமியிடம் போனாள்.

"வீட்டுக்கு வாங்கண்ணே, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுத் தேதியப் பேசுவோம்."

"இல்லம்மா, இருக்கட்டும்" என்றார் அவர், சைக்கிளைத் திருப்பிக்கொண்டே. "இந்தப் பேச்சு இதோட நிக்கட்டும்."

"ஏண்ணே? அவரு குடிக்கறது உங்களுக்கு முன்னாடியே தெரியுமே?"

"குடிக்கு யாரும்மா பயந்தா? பையனோட அப்பனே மொடாக்குடியன்தான். ஒத்தப் பொண்ணு, ஆறு மா நெலம், ஏட்டுல பதிஞ்சிட்டா நாளைக்கு நம்ம பையனுக்கு ஆச்சுன்னுதான் வந்தோம். இன்னிக்குப் பதியறாங்களான்னு பாத்துட்டு வரச் சொன்னா எங்கக்கா. இல்லேன்னு ஆயிப்போச்சு. நீ மனசுல ஒண்ணும் வச்சுக்காத தாயி."

நல்ல மனுஷன்தான், குரலில் வருத்தம்கூட இருந்தது. ஏறி மிதித்துக்கொண்டு போய்விட்டார். அம்சம் சுருக்குப்பையைப் பிடித்தபடியே நின்றாள். ஜீப் போன பக்கம் ஓடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஓடி என்ன செய்வது? கைநாட்டு வைத்தாகிவிட்டது.

வரப்பில் செல்லதுரை காலில் ஒட்டியிருந்த சேற்றை வழித்துக்கொண்டிருந்தார். அதிகாரி தோளில் கை வைத்ததும், அம்சம் கைநாட்டு வைத்ததும் அவர் கண்ணில் பட்டிருந்தன. முகம் மலர்ந்திருந்தது.

"பதிஞ்சாச்சா அம்சம்?" என்று உரக்கக் கேட்டார். காது கேட்காதவர்களுக்குத் தங்கள் குரல் எவ்வளவு உரக்கப் போகிறது என்று தெரியாது. கலைந்து போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் காதில் வாயை வைத்தாள். அந்தப் பக்கம் செங்கமலம் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நெலம் போச்சு மாமா!"

"என்னது?"

"போச்சு! நெலம் போச்சு!"

அவர் அவள் வாயையே பார்த்தார். முகம் மெல்ல மாறியது.

"எப்படிப் போவும்? நான் குடிக்கறவன்னு எவன் சொன்னான்? ரெங்கசாமியா?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

"பின்ன எவன்?"

"நான்" என்றாள். அவருக்குக் கேட்கவில்லை. காதைக் கையால் குவித்துக்கொண்டு இன்னும் நெருங்கி உட்கார்ந்தார். அவள் மறுபடியும் சொன்னாள். அதுவும் கேட்கவில்லை. அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"நான்தான் மாமா சொன்னேன்!"

அந்தத் தடவை அவருக்குக் கேட்டது.